ஒன்பது இடத்தில் ஒட்டிய வாக்கியம்: கலிபோர்னியா மாநில நீதிமன்றத்தில் ஒரு டிஸ்கவரி அனுபவம்

கலிபோர்னியாவில் இரண்டே வக்கீல்கள் இருக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் நான் பாராலீகலாக, அதாவது வக்கீல்களுக்கு உதவும் பணியாளராக, வேலை பார்க்கிறேன். நான் வக்கீல் இல்லை, இது சட்ட ஆலோசனையும் இல்லை. கட்சிக்காரரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி தொகைகளையும் சில தேதிகளையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். நடந்த வரிசையை மாற்றவில்லை.

டிஸ்கவரி என்பது, விசாரணை தொடங்குவதற்கு முன்பே இரு தரப்பும் ஒருவர் கையில் இருப்பதை மற்றவர் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளும் கட்டம். இந்திய சிவில் நடைமுறைச் சட்டத்திலும் ஆணை 11 இதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே வழக்குச் செலவில் பெரும்பங்கை இந்தக் கட்டமே தின்றுவிடும். நிறைய வழக்குகளில் முடிவும் இங்கேயே தெரிந்துவிடும்.

பின்னணி

கட்சிக்காரர் ஒரு தமிழர், கேட்டரிங் சமையற்கூடம் நடத்துகிறவர். கல்யாணம், சீமந்தம், கோயில் விழா என்று வார இறுதி முழுக்க ஆர்டர் இருக்கும். 2023 செப்டம்பரில் புதிதாக ஒரு வாக்-இன் கூலர், அதாவது ஆள் உள்ளே நடந்து போகும் அளவு பெரிய குளிர்பதன அறை, போட்டார். ஒப்பந்தத் தொகை 1,86,000 டாலர். அதில் 1,18,000 கொடுத்துவிட்டார். அக்டோபரிலிருந்து கூலர் சரியாகக் குளிரவில்லை. மாவும் காய்கறியும் வீணாயின, இரண்டு பெரிய ஆர்டர்கள் கைவிட்டுப் போயின. மீதி 68,000 டாலரை அவர் நிறுத்தி வைத்தார்.

கூலர் போட்ட ஒப்பந்தக்காரர் 2024 பிப்ரவரியில் வழக்குப் போட்டார். மார்ச்சில் நாங்கள் பதில் மனுவும், நஷ்ட ஈடு கேட்டு எதிர்வழக்கும் தாக்கல் செய்தோம். கேள்வி ஒன்றுதான்: கூலர் குளிராமல் போனதற்குப் பொருத்தியதில் இருந்த கோளாறு காரணமா, இவர்கள் பயன்படுத்திய விதம் காரணமா?

அந்த மார்ச்சிலேயே எங்கள் வக்கீல், எதையும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லி ஒரு கடிதம் அனுப்பினார். மூன்று பக்க ஆங்கிலம். 'எல்லா ஆவணங்களும் மின்னஞ்சல்களும் மின்னணுப் பதிவுகளும்' என்று அதில் இருந்தது. வாட்ஸாப் என்ற சொல் இல்லை. உரிமையாளர் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியைத் திருப்பி அனுப்பினார். சமையற்கூடத்தில் வேலை செய்யும் யாருக்கும் அந்தக் கடிதம் போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்ததா என்று நாங்களும் கேட்கவில்லை.

வந்த கேள்விகள்

2024 மே 13 அன்று எதிர்த் தரப்பு வக்கீலிடமிருந்து நான்கு கட்டுகள் மின்னஞ்சலில் வந்தன. மாநில நீதித்துறைக் குழு அச்சிட்ட பொதுக் கேள்விப் படிவம் ஒன்று. இந்த வழக்குக்கென்றே எழுதிய 32 கேள்விகள். இவற்றில் 35ஐத் தாண்டினால் ஏன் தேவை என்று தனியாக ஒரு உறுதிமொழி இணைக்க வேண்டும், அதனால் பலரும் 35க்குள் நிறுத்திக்கொள்வார்கள். ஆவணக் கோரிக்கைகள் 41. 'இதை ஒப்புக்கொள்கிறீர்களா' என்ற வகையில் 24.

பதில் சொல்ல 30 நாள், மின்னஞ்சலில் வந்தால் கூடுதலாக 2 நீதிமன்ற வேலை நாள். எங்கள் கெடு ஜூன் 14, வெள்ளிக்கிழமை. கெடுவைத் தவறவிட்டால் ஆட்சேபம் சொல்லும் உரிமை மொத்தமாகப் போய்விடும், வக்கீலோடு பேசிய ரகசியம் என்ற ஆட்சேபமும் அதில் அடக்கம். ஒப்புதல் கோரிக்கைகளில் ஆபத்து இன்னும் பெரிது. பதில் வராவிட்டால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாக ஆணையிடும்படி எதிர்த் தரப்பு நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

ஜூன் முதல் வாரம் வரை உரிமையாளர் எதையும் தொடவில்லை. கல்யாண சீசன், அவரைக் குறை சொல்ல முடியாது. எதிர்த் தரப்பு வக்கீலிடம் கேட்டு ஜூன் 28 வரை அவகாசம் வாங்கி, அதை எழுத்திலும் உறுதி செய்துகொண்டோம்.

நாங்கள் எப்படித் தேடினோம்

தேடினோம் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். உரிமையாளரிடம் நான்தான் தொலைபேசியில் பேசினேன்.

"கூலர் சம்பந்தமா யார்கிட்டெல்லாம் எழுத்துல பேசியிருக்கீங்க சார்?"

"எல்லாம் மெயில்தான் தம்பி. இன்வாய்ஸ், கொட்டேஷன், அவங்க டெக்னீஷியன் அனுப்புனது, எல்லாம் மெயில்ல இருக்கு."

மின்னஞ்சல் கணக்கை எங்களுக்குத் திறந்து கொடுத்தார். 'கூலர்', 'டெம்பரேச்சர்', 'கம்ப்ரஸர்' என்ற ஆங்கிலச் சொற்களையும் ஒப்பந்தக்காரரின் பெயரையும் போட்டுத் தேடி 2,140 பக்கங்கள் எடுத்தேன். வரிசை எண் அச்சிட்டு, எந்தப் பக்கம் எந்தக் கோரிக்கைக்கு உரியது என்று ஒரு அட்டவணையும் போட்டேன். 2020 ஜனவரி முதல் கலிபோர்னியாவில் இது கட்டாயம். அதற்கு முன்பெல்லாம் 'அலுவலகத்தில் எப்படி வைத்திருந்தோமோ அப்படியே தருகிறோம்' என்று பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிடலாம். அந்த அட்டவணைக்கு இரண்டு நாள் ஆனது, எனக்குப் பெருமையாகவும் இருந்தது. கவனத்தையெல்லாம் அதில் கொட்டிவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஆவணக் கோரிக்கைக்குச் சட்டம் இரண்டு விதப் பதிலை எதிர்பார்க்கிறது. தருவதானால், 'எங்கள் கையிலும் பொறுப்பிலும் கட்டுப்பாட்டிலும் இருக்கும் அனைத்தையும் தருகிறோம்' என்று சொல்ல வேண்டும். தர முடியாவிட்டால், முனைந்து தேடியும் தகுந்த முறையில் விசாரித்தும் பார்த்ததாகச் சொல்லி, ஏன் இல்லை என்ற காரணத்தையும் எழுத வேண்டும். அது ஒருபோதும் இருந்ததே இல்லையா, தொலைந்ததா, அழிந்ததா, வேறு யார் கையிலாவது இருக்கிறதா?

இந்த இரண்டாவது வாக்கியத்துக்கு எங்கள் அலுவலகத்தில் முன்பே எழுதி வைத்த ஒரு வார்ப்பு (டெம்ப்ளேட்) இருந்தது. அதை ஒன்பது கோரிக்கைகளுக்குக் கீழே ஒட்டினேன். 22ஆம் கோரிக்கை, கூலரைப் பற்றி ஊழியர்கள் தங்களுக்குள் பரிமாறிய செய்திகள் அனைத்தும். அதற்குக் கீழேயும் ஒட்டினேன்: முனைந்து தேடினோம், தகுந்த முறையில் விசாரித்தோம், அப்படி ஒன்று ஒருபோதும் இருந்ததில்லை.

கேள்விகளில் 17ஆம் எண், டிஃப்ராஸ்ட் டைமரை (கூலருக்குள் படியும் பனியைக் கரைய விடும் கருவி) மாற்றியவர்கள் யார் என்று கேட்டது. 'எங்களுக்குத் தெரிந்தவரை யாருமில்லை' என்று பதில் போனது. அதே விஷயத்தைக் கேட்ட ஒப்புதல் கோரிக்கைக்கும் மறுப்பு போனது.

இப்படி ஒரு பதில் செல்லுபடியாக வேண்டுமென்றால் கட்சிக்காரர் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும், பொய் என்றால் பொய்ச்சாட்சியத் தண்டனைக்கு உட்பட்டு. கையெழுத்தில்லாத பதில் பதிலே இல்லை என்றுதான் இங்கே நீதிமன்றங்கள் நடத்துகின்றன. ஜூன் 28 மதியம் உரிமையாளர் ஒரு மண்டபத்தின் பின்கட்டில், சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஃபோன் திரையில் விரலால் கையெழுத்துப் போட்டார். படித்தாரா என்று கேட்டேன். "நீங்க பார்த்துட்டீங்கல்ல தம்பி" என்றார்.

நான் அவர் பார்ப்பார் என்று நம்பினேன், அவர் நான் பார்த்தேன் என்று நம்பினார்.

செப்டம்பர் 17: குழு வெளிவந்த நாள்

எதிர்த் தரப்பு, சமையற்கூட மேலாளரை வாக்குமூலத்துக்கு அழைத்திருந்தது. டெபொசிஷன் என்பார்கள், பொதுவாக ஏழு மணி நேர வரம்பு. தேதி செப்டம்பர் 20. மேலாளர் ஐம்பது வயது தாண்டிய பெண். கூடத்தில் எல்லோருக்கும் அவர் 'அக்கா', எனக்கும் அப்படித்தான். மூன்று நாள் முன்னால் தயார்ப்படுத்துவதற்காக அலுவலகத்துக்கு வந்தார்.

வக்கீல் ஆங்கிலத்தில் கேட்க, நான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். கூலர் குளிரவில்லை என்று முதலில் எப்போது தெரிந்தது?

"தேதியெல்லாம் ஞாபகம் இல்ல தம்பி. குரூப்ல பாத்தா தெரியும்."

எந்த குரூப் என்றேன். ஃபோனை எடுத்துக் காட்டினார். பதினொரு பேர் இருக்கும் வாட்ஸாப் குழு. தினமும் காலையில் யாராவது ஒருவர் கூலரின் வெப்பமானியைப் படமெடுத்துப் போடுகிறார். ஆர்டர் பட்டியல், லீவு, சண்டை, சாமி படம், எல்லாம் அதில்தான். வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார்.

மேலே போகப் போக, 2023 அக்டோபர் 15 தேதியிட்ட அக்காவின் குரல் பதிவு ஒன்று வந்தது. விடியற்காலையில் டைமர் ஓடும்போது ரூம் சூடாகிவிடுகிறது, அதனால் டைமரை ஆஃப் செய்துவிட்டேன், யாரும் திருப்பிப் போட வேண்டாம் என்று சொல்லியிருந்தார். கூலருக்குள் இருக்கும் குழாய்ச் சுருளில் பனி படியும். டைமர் அவ்வப்போது குளிரூட்டலை நிறுத்தி அதைக் கரைய விடும். அதை அணைத்தால் பனி கட்டியாகிக் காற்று போகும் வழியை அடைத்துவிடும், அப்புறம் எவ்வளவு ஓட்டினாலும் குளிராது. அக்கா நல்ல எண்ணத்தில்தான் செய்தார். ஆனால் எதிர்த் தரப்பு 17ஆம் கேள்வியில் கேட்டது இதைத்தான்.

உறுப்பினர் பட்டியலைப் பார்த்தோம். பதினொரு பேரில் உரிமையாளரும் ஒருவர். குழுவை ஒலியடக்கி, ஆர்க்கைவில் தள்ளி வைத்திருக்கிறார். ஊழியர்களின் சொந்த ஃபோனில் இருப்பது முதலாளியின் 'கட்டுப்பாட்டில்' உள்ளதா என்று வாதாட இடம் உண்டு. அந்த வாதத்துக்கு இங்கே வேலையே இல்லை. 22ஆம் கோரிக்கையில் 'ஒருபோதும் இருந்ததில்லை' என்று கையெழுத்திட்டவரின் சட்டைப் பையில்தான் அது இருந்தது.

இன்னொன்றையும் அன்றே பார்த்தோம். ஏப்ரல் மாதம், ஃபோன் நிறைந்துவிட்டது என்று அக்கா அந்தக் குழுவில் 90 நாளில் செய்திகள் மறையும் வசதியைப் போட்டிருக்கிறார். குட் மார்னிங் பூப்படங்கள்தான் காரணம். அந்த வசதி போட்ட பிறகு வரும் செய்திகளுக்கு மட்டுமே பொருந்தும் என்பதால் 2023ஆம் ஆண்டுச் செய்திகள் தப்பின. ஏப்ரலிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை இருந்தவை போய்விட்டன. அதாவது, அழிக்காதே என்று கடிதம் போன பிறகு.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணமும்

முதல் வேலையாக அந்த மறையும் வசதியை நிறுத்தச் சொன்னார் வக்கீல். அன்று மாலையே உரிமையாளரை வரவழைத்தார். அந்தப் பேச்சு இரண்டு மணி நேரம் போனது.

உரிமையாளரின் வாதங்கள் முட்டாள்தனமானவை அல்ல. இணையத்தில் தேடிப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். பதில் போதவில்லை என்று நீதிமன்றம் போவதற்கு எதிர்த் தரப்புக்கு 45 நாள்தான் உண்டு, அது ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. சரி. பெடரல் (மத்திய அரசு) நீதிமன்றத்தில் சிவில் நடைமுறை விதி 26இன்படி, முன்பு சொன்ன பதில் குறையானது என்று தெரிந்தால் தானாகவே திருத்தியாக வேண்டும், ஆனால் கலிபோர்னியா மாநில நீதிமன்றத்தில் அப்படித் தொடர்ந்து புதுப்பிக்கும் பொதுக் கடமை கிடையாது. புதிதாக ஏதாவது உண்டா என்று எதிர்த் தரப்புதான் மறுபடி கேட்க வேண்டும். அதுவும் சரி.

"அவங்க கேக்கட்டும், சொல்லுவோம். கேக்காததை நாமளா எதுக்குப் போய்ச் சொல்லணும்?"

வக்கீல் 17ஆம் கேள்வியையும் 22ஆம் கோரிக்கையையும் அச்செடுத்து அவர் முன்னால் வைத்தார். கேட்டுவிட்டார்கள், நீங்களும் பதில் சொல்லிவிட்டீர்கள் என்றார். பின்னால் தெரியவரும் புதுத் தகவலுக்குத்தான் அந்த 'தொடர்ந்து புதுப்பிக்க வேண்டாம்' என்ற சலுகை. கையெழுத்திட்ட அன்றே உண்மையில்லாத பதிலுக்கு அது பொருந்தாது. தெரிந்த பிறகு மறைத்தால், சான்றை அமுக்கினார் என்று வக்கீலின் உரிமமே கேள்விக்குள்ளாகும். 45 நாள் கெடுவும் முழுப் பாதுகாப்பு இல்லை. அந்த ஆகஸ்டில்தான் மாநில உச்ச நீதிமன்றம், லாஸ் ஏஞ்சலஸ் நகராட்சி சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், தனிப்பட்ட டிஸ்கவரி முறைகளுக்கென்று உள்ள பிரிவுகளைத் தாண்டியும் ஒட்டுமொத்த முறைகேட்டுக்காகத் தண்டத்தொகை விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று சொல்லியிருந்தது. அந்த வழக்கில் விசாரணை நீதிமன்றம் நகராட்சிக்குப் போட்ட தொகை 25 லட்சம் டாலர். நம் வழக்கு அந்த அளவு மோசமானது இல்லை என்றாலும் உரிமையாளர் அந்தத் தொகையைக் கேட்டதும் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

இரண்டாவது கேள்வி, எப்போது சொல்வது என்பது. வெள்ளிக்கிழமை அக்கா பிரமாணம் எடுத்துக்கொண்டு உட்காரும்போது, கேட்டால் உண்மையைச் சொல்லட்டும் என்று விட்டுவிடலாமா? முதலில் எனக்கு அது நியாயமாகவே பட்டது. பொய் இல்லையே. வக்கீல் ஒப்பவில்லை. உரிமையாளரின் தவறான பதிலைத் திருத்தும் வேலையை அக்காவின் வாயில் போட்டால், எழுத்துப்பதிவில் அவர்தான் முதலாளியைக் காட்டிக்கொடுத்தவர் ஆகிவிடுவார். அதோடு, எதிர்த் தரப்பு தானாகக் கண்டுபிடித்ததாகிவிடும். நாமே முன்வந்து சொன்னோம் என்பதற்கு நீதிபதி முன் ஒரு மதிப்பு இருக்கிறது, அது மூன்று நாளில் காலாவதியாகிவிடும்.

மறுநாள் காலை அவர் எதிர்த் தரப்பு வக்கீலைத் தொலைபேசியில் அழைத்து, ஒரு செய்திக் குழு இப்போதுதான் தெரியவந்தது, முன்பு கொடுத்த பதில்கள் சில தவறு, திருத்திய பதிலும் செய்திகளும் தருகிறோம், வாக்குமூலத்தைத் தள்ளி வைப்போம் என்றார். அன்றே அதைக் கடிதமாகவும் அனுப்பினார். எதிர்முனையில் மரியாதையாகத்தான் பேசினார்கள். சாயங்காலம் வந்த பதில் கடிதத்தில் அந்த மரியாதை இல்லை.

சேகரிப்பும் மொழியும்

குழுவை வாட்ஸாப்பிலிருந்தே ஏற்றுமதி செய்து கொடுக்கலாம் என்று நான் சொன்னேன். எழுத்துக் கோப்பு ஒன்றும், வேண்டுமானால் படங்களும் குரல் பதிவுகளும் கிடைக்கும், அவ்வளவுதான். எது எப்போது மறைந்தது என்பதே பிரச்சினையாகிவிட்ட பிறகு அது போதாது என்று வக்கீல் முடிவு செய்தார். வெளி நிபுணர் ஒருவரைக் கொண்டு உரிமையாளரின் ஃபோனையும், அக்காவின் சம்மதத்தோடு அவர் ஃபோனையும் முழுப் பிரதி எடுத்தோம். அக்காவுக்கு இதில் இருந்த சங்கடத்தை நான் குறைத்து மதிப்பிட்டேன். அவர் ஃபோனில் குடும்பம் முழுக்க இருக்கிறது. இந்தக் குழுவைத் தவிர வேறெதையும் பிரித்தெடுக்கக் கூடாது என்று நிபுணருடன் எழுத்தில் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் கொடுத்தார்.

அடுத்தது, ஜூனிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டிய விஷயம். நான் ஆங்கிலத்தில் 'கூலர்' என்று தேடியவன். குழுவில் யாருமே கூலர் என்று எழுதவில்லை. 'ரூம்', 'பெட்டி', 'பெரிய பெட்டி' என்றுதான் எழுதுகிறார்கள். 'கூலிங் வரல', 'ஐஸ் கட்டுது', 'பல்லு கூசல' (இது ஒரு இளைஞரின் நகைச்சுவை). பாதி தமிழ் எழுத்தில், பாதி ஆங்கில எழுத்தில் தமிழ். 'கட்டுது' என்பதற்கு மட்டும் நான்கு விதமாக எழுத்துக் கூட்டியிருந்தார்கள். குரல் பதிவுகளை எந்தத் தேடுபொறியும் பிடிக்காது. அதனால் தேடலைக் கைவிட்டு 2023 செப்டம்பர் முதல் எல்லாவற்றையும் வரி வரியாகப் படித்தேன், கேட்டேன். ஒன்பது நாள் ஆயிற்று.

மொழிபெயர்ப்பை நான் செய்யக் கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். நான் வழக்கின் ஒரு பக்கத்து ஆள். கலிபோர்னியாவில் பிறமொழி ஆவணத்தை மனுவோடு இணைத்தால், தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளர் பிரமாணத்தோடு சான்றளித்த ஆங்கில வடிவமும் சேர்த்துத் தர வேண்டும். பஞ்சாபிக்கு இங்கே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் சான்றிதழ் உண்டு. தமிழுக்கு இல்லை, 'பதிவுபெற்றவர்' என்ற பிரிவில்தான் ஆள் தேட வேண்டும். கிடைத்தவர் நல்லவர், ஆனால் அவர் 'ரூம்' என்பதை அறை என்று பெயர்த்துவிட்டார். அக்காவின் குரல் பதிவில் சூடானது சமையலறை என்பதுபோல ஆகிவிட்டது. எங்களுக்குச் சாதகமான பிழை அது. சுட்டிக்காட்டித் திருத்த வைத்தோம்.

படிக்கும்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. அக்டோபர் 9 காலை போட்ட வெப்பமானிப் படத்தில் 52 டிகிரி ஃபாரன்ஹீட். கலிபோர்னியா உணவுச் சட்டப்படி இப்படிக் குளிரில் வைக்கும் உணவு 41 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. அக்கா டைமரை அணைத்தது 15ஆம் தேதி. ஆக, யாரும் கை வைப்பதற்கு ஆறு நாள் முன்பே கூலர் தோற்றுவிட்டது. 10, 11, 13 தேதிப் படங்களும் அதையே காட்டின. எங்கள் எதிர்வழக்குக்கு இதைவிட நல்ல சான்று அந்த 2,140 பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. 'ஒருபோதும் இருந்ததில்லை' என்று நாங்கள் எழுதிக் கொடுத்தது எங்களுடைய சிறந்த ஆதாரத்தையும் சேர்த்துத்தான்.

அக்டோபர் 4 அன்று திருத்திய பதில்களும் செய்திகளும் போயின. வழக்கு வந்த பிறகு வக்கீல் சொன்னதை உரிமையாளர் குழுவில் பகிர்ந்த மூன்று செய்திகளை மட்டும் ரகசியம் என்று நிறுத்தி வைத்து, பட்டியலில் குறித்தோம். மறைந்துபோன இரண்டு மாதங்களைப் பற்றித் தனியாக ஒரு பத்தி: எப்போது, யார், ஏன் அந்த வசதியைப் போட்டார் என்று. இந்த முறை உரிமையாளர் அலுவலகத்துக்கு வந்து ஒவ்வொரு பதிலையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மூன்று இடத்தில் சொல்லை மாற்றச் சொன்னார்.

பின்னர் நடந்தது

அக்காவின் வாக்குமூலம் அக்டோபர் 25இல் நடந்தது. டைமரைப் பற்றிக் கேட்டார்கள், ஆமாம் என்றார். நிதானமாக இருந்தார்.

திருத்திய பதில் போனதால் 45 நாள் கணக்கு புதிதாகத் தொடங்கியது. நவம்பரில் எதிர்த் தரப்பு மனுப் போட்டது. பணத் தண்டம் போக, டைமரை அணைத்ததுதான் கோளாறுக்குக் காரணம் என்பதை நிரூபிக்கப்பட்டதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார்கள். அது கிடைத்திருந்தால் எங்கள் எதிர்வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். மறைந்த செய்திகளுக்கு நாங்கள், வழக்கமான, நல்லெண்ணச் செயல்பாட்டில் அழிந்த மின்னணுத் தகவலுக்குப் பொதுவாகத் தண்டம் இல்லை என்ற பிரிவைக் காட்டினோம். அவர்கள் விக்டர் வேலி என்ற வழக்கில் 2023இல் வந்த தீர்ப்பைக் காட்டினார்கள். வழக்கு வருவது நியாயமாக எதிர்பார்க்கத்தக்கது என்ற நிலை வந்ததிலிருந்தே பாதுகாக்கும் கடமை தொடங்கிவிடும், அதன் பிறகு அந்தச் சலுகை இல்லை என்பது அதன் சாரம். எங்கள் விஷயத்தில் வழக்கே வந்துவிட்டிருந்தது. அந்த வாதத்தில் எங்களுக்குப் பலமில்லை.

2025 ஜனவரியில் நீதிபதி, நிரூபிக்கப்பட்டதாகக் கொள்ளும் கோரிக்கையை மறுத்தார். திட்டமிட்டு அழித்ததற்குச் சான்றில்லை, வாக்குமூலத்துக்கு முன்பே தாமாக வெளிப்படுத்தினார்கள் என்பவை அவர் சொன்ன காரணங்கள். ஆனால் எதிர்த் தரப்பின் வக்கீல் செலவாக 6,350 டாலரும், ஆவணக் கோரிக்கைக்கு நல்லெண்ணத்தோடு பதில் தராததற்கென 2024 முதல் 1,000 டாலராக உயர்த்தப்பட்டுள்ள தண்டமும் விதித்தார். முழுத் தொகையையும் எங்கள் அலுவலகமே கட்டியது. கேள்வியைச் சரியாகக் கேட்கத் தவறியது நாங்கள்தான் என்று வக்கீல் கருதினார். உரிமையாளர் பாதி தருகிறேன் என்று இரண்டு தடவை சொன்னார்.

மார்ச்சில் சமரசம் ஆனது. சமரசப் பேச்சில் யார் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே சான்றுச் சட்டமே பாதுகாக்கிறது, அதனால் அதற்குள் போகவில்லை. உரிமையாளர் 68,000இல் 46,000 டாலர் கட்டினார். எதிர்வழக்கைத் திரும்பப் பெற்றார். கம்ப்ரஸருக்கு இன்னும் ஒரு வருட உத்தரவாதம் கிடைத்தது.

வெப்பமானிப் படங்களை வைத்து இதைவிட நன்றாக முடித்திருக்கலாம் என்று வக்கீல் நினைக்கிறார். கலிபோர்னியாவில் பதிலைத் திருத்தினாலும், முதலில் கொடுத்த பதிலை விசாரணையில் எதிர்த் தரப்பு வாசித்துக் காட்டலாம். திருத்தியதை நாம் அதற்குப் பிறகு வாசிக்கலாம். ஜூன் மாதம் ஒருபோதும் இல்லை என்று சத்தியம் செய்தவர், இப்போது அதே குழுவின் படங்களைக் காட்டி நஷ்ட ஈடு கேட்கிறார் என்று ஜூரிமார் கேட்பார்கள். அக்காவின் குரல் பதிவு எங்களுக்குக் கொஞ்சம் செலவு வைத்தது. அந்தக் கையெழுத்துக்கு அதைவிட அதிகமாகக் கொடுத்தோம் என்பது என் கணக்கு.

இப்போது மாற்றியிருப்பவை

பாதுகாப்புக் கடிதம் இப்போது ஒரே பக்கம், தேவைப்பட்டால் தமிழிலும் ஸ்பானிஷிலும் போகிறது. வாட்ஸாப், குரல் பதிவு, மறையும் செய்தி என்று பெயர் சொல்லியே எழுதுகிறோம். கட்சிக்காரர் அதை ஊழியர்களுக்குக் கொடுத்தாரா என்று ஒரு வாரம் கழித்து நான் அழைத்துக் கேட்கிறேன்.

'எழுத்தில் பேசியிருக்கிறீர்களா' என்று கேட்பதை விட்டுவிட்டேன். மக்கள் வாட்ஸாப்பை எழுத்து என்று நினைப்பதில்லை, அது அவர்களுக்குப் பேச்சு. "ஒரு சாமான் ரிப்பேர் ஆனா முதல்ல யாருக்கு, எப்படிச் சொல்லுவாங்க?" என்று கேட்கிறேன். அந்த இடத்தில் வேலை பார்க்கிற ஒருவரிடமும் கேட்கிறேன். அந்தச் சாமானை அவர்கள் என்ன பெயரில் கூப்பிடுகிறார்கள் என்று தேடுவதற்கு முன்பே எழுதிக்கொள்கிறேன்.

வார்ப்பு வாக்கியம் எங்கள் கணினியில் இன்னும் இருக்கிறது, ஆனால் நடுவில் ஒரு வெற்றிடம் விட்டிருக்கிறோம். எங்கெல்லாம் தேடினோம், யாரிடம் கேட்டோம் என்று நிரப்பாமல் அது வக்கீல் மேசைக்குப் போகாது. இதனால் ஒவ்வொரு வழக்கிலும் கூடுதலாக இரண்டு மூன்று மணி நேரம் ஆகிறது. கட்சிக்காரர்கள் கட்டணச் சீட்டைப் பார்த்துக் கேட்கத்தான் செய்கிறார்கள்.

உறுதிமொழியை ஃபோனில் அனுப்புவதையும் குறைத்துக்கொண்டோம். முடிந்தவரை நேரில், முடியாவிட்டால் வீடியோவில் பதில்களைப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து.

போன மாதம் மளிகைக்கடை நடத்தும் ஒரு அம்மா புதிதாக வந்தார். எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறீர்கள் என்று கேட்டு ஒரு தாளைக் கொடுத்தேன். நாலஞ்சுதான் இருக்கும் என்றார். ஃபோனைத் திறந்து ஆர்க்கைவையும் பார்த்து எழுதச் சொன்னேன். பதினான்கு எழுதிவிட்டு, பின்பக்கம் எழுதலாமா என்று கேட்டார்.